டெக்கான் 360 ஏன் நின்றது? திருப்பூர் ஷிப்பிங் ஆளின் கணக்கு

திருப்பூரில் “சரக்கு ஏர்ல போகுது” என்று ஒருவர் சொன்னால் யாரும் வாழ்த்துச் சொல்ல மாட்டார்கள். “யார் செலவுல?” என்றுதான் கேட்பார்கள். சரக்கை வாங்குகிற பையர் செலவு என்றால் சரி, அவசரத்துக்குக் கேட்டிருக்கிறார், அனுப்பிவிடலாம். நம் செலவு என்றால் அந்த ஆர்டரில் மிச்சம் என்று எதுவும் இல்லை. தூத்துக்குடியில் கப்பல் ஏற வேண்டிய பனியனை விமானத்தில் ஏற்றினால் ஒரு பீஸுக்கு விழும் வாடகை பல சமயம் அதன் தையல் கூலியையே தாண்டிவிடும். நான் பல வருஷம் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியின் ஷிப்பிங்கில் இருந்துவிட்டு இப்போது டாக்குமெண்ட் வேலையைத் தனியாக எடுத்துச் செய்கிறேன். ஏர் ரேட் விசாரிப்பதே அன்றாட வேலை என்பதால், புதிதாகச் சரக்கு விமானக் கம்பெனி ஒன்று வருகிறது என்றாலே காது அந்தப் பக்கம் திரும்பிவிடும். அப்படிக் காது கொடுத்துக் கேட்டதில் இன்னும் மறக்காதது டெக்கான் 360.

கேப்டன் கோபிநாத்தைத் தமிழ்நாட்டில் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை, அவரைத் தழுவி எடுத்த ‘சூரரைப் போற்று’ படத்தை எல்லோரும் பார்த்தாகிவிட்டது. நம் தொழிலுக்கு வேண்டிய பாடம் அந்தக் கதைக்கு அப்புறம்தான் இருக்கிறது. 2003-ல் ஏர் டெக்கான் என்ற மலிவு டிக்கெட் விமானக் கம்பெனியை ஆரம்பித்தார், 2007-ல் கிங்ஃபிஷர் அதில் பங்கு வாங்கியது, 2008-ல் இரண்டும் ஒன்றானது. அதை விட்டு வெளியே வந்த கையோடு 2009-ல் சரக்குக்கென்றே அவர் ஆரம்பித்ததுதான் டெக்கான் 360. ஏர்பஸ் ஏ310 சரக்கு விமானங்கள், ஒவ்வொன்றும் சுமார் 40 டன் தூக்கும், பயணிகளை ஏற்றி ஓய்ந்து சரக்குக்கு மாற்றிய ரகம். அதோடு சின்ன ஏடிஆர் விமானங்கள், தரையில் லாரிகள். எல்லாவற்றுக்கும் நடுவே நாக்பூர். ராத்திரி நாலா பக்கத்திலிருந்தும் விமானங்கள் அங்கே வந்து இறங்கும், சரக்கை ஊர்வாரியாகப் பிரித்து மாற்றி ஏற்றுவார்கள், விடிவதற்குள் அவரவர் ஊருக்குத் திரும்பிவிடும். அதாவது சாயந்திரம் கொடுத்தால் மறுநாள் காலை டெலிவரி.

நாக்பூர் யோசனை அவர் கண்டுபிடித்தது இல்லை. 1949 ஜனவரியில் இந்தியாவில் ராத்திரி தபால் விமானம் தொடங்கியபோதே டெல்லி, பம்பாய், கல்கத்தா, மெட்ராஸ் நான்கிலிருந்தும் விமானங்கள் நடுராத்திரியில் நாக்பூரில் சந்தித்துத் தபால் மூட்டைகளை மாற்றிக்கொண்டுதான் திரும்பின. வரைபடத்தில் கை வைத்தால் நடுவில் படுகிற ஊர் அது, வேறு எங்கே வைப்பார்கள்? அமெரிக்காவில் ஃபெடெக்ஸ் இதையே மெம்ஃபிஸில் வைத்துச் செய்தது. 1973 ஏப்ரலில் அவர்கள் ஆரம்பித்த முதல் ராத்திரி 14 விமானங்கள், 25 ஊர்கள், மொத்தச் சரக்கு 186 பார்சல். ஒரு விமானத்துக்கு 13 பார்சல் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரு மொபெட்டில் கட்டிக்கொண்டு போய்விடலாம். அவர்கள் லாபம் பார்க்கவே இரண்டு வருஷத்துக்கு மேல் ஆனது. 186 பார்சல் வந்தாலும் 14 விமானமும் ஓடியாக வேண்டும், ஒன்றை நிறுத்தினால் அந்த ஊர்க்காரன் அடுத்த நாள் கொடுக்க மாட்டான். இந்த மாதிரி வேலையில் முதல் நாளிலிருந்தே செலவு முழுசாக வரும், சரக்கு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வரும். இடையில் இருக்கிற பள்ளத்தை நிரப்பக் கையில் பணம் இருக்க வேண்டும், அதுவும் வருஷக்கணக்கில்.

டெக்கான் 360-க்கு 2010-ல் ரிலையன்ஸ் 26 சதவீதப் பங்கு எடுத்தபோது எங்கள் ஆபீசில் எல்லோரும் “இனி பயமில்லை, அம்பானியே வந்துட்டார்” என்று பேசிக்கொண்டார்கள். அதே வாரத்தில்தான் என்று நினைக்கிறேன், சங்ககிரியில் ஒரு விசேஷத்துக்குப் போயிருந்தேன். அங்கே எங்கள் மாமா ஒருவருக்கு லாரிகள் உண்டு. கொங்கு நாட்டில் சங்ககிரி, நாமக்கல் பக்கம் லாரி வைத்திருப்பவர்களிடம் போக்குவரத்துக் கணக்கைப் பற்றிப் பேசினால் எம்.பி.ஏ. படித்தவன் கொஞ்சம் ஒதுங்கி நிற்பதுதான் மரியாதை. நான் இந்த நாக்பூர் விஷயத்தைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் வெத்தலையை மடித்துக்கொண்டே கேட்டார்.

“ஏனுங் மாப்ள, அந்தப் பிளேனு திரும்பி வர்றப்ப என்னத்த ஏத்தும்?”

“அங்க எல்லா ஊரு சரக்கும் வந்து சேருமுங் மாமா. பிரிச்சு இந்தப் பக்கத்துக்கு உள்ளத இதுல ஏத்துவாங்க.”

“செரி. அப்ப ஒரு ஊருல சரக்கு கொறஞ்சா அந்த வண்டி மட்டுமா காலியா வரும்? எல்லா ஊரு வண்டியிலயும் அந்த ஊரு சரக்கு கொறையுமில்லீங்?”

எனக்குப் பதில் வரவில்லை. லாரிக்காரனுக்கு ரிட்டன் லோடு ஒரு பக்கப் பிரச்சினை. டெல்லிக்கு ஒரு லோடு போட்டுவிட்டுத் திரும்பி வர லோடு கிடைக்கவில்லை என்றால் பார்க்கிங்கில் இரண்டு நாள் படுத்திருப்பான், சமைத்துச் சாப்பிடுவான், புக்கிங் ஆபீஸ் போன் வந்ததும் கிளம்புவான். விமானத்துக்கு அந்த வசதி இல்லை. நேரத்துக்குத் திரும்புவதைத்தான் அது விற்கிறது, காலியாக இருந்தாலும் பறந்தே தீர வேண்டும். பத்து ஊரை ஒரே இடத்தில் முடிச்சுப் போட்டால் ஒரு ஊரின் குறை பத்து ஊருக்கும் பங்காகப் போகிறது. டெக்கான் 360 பற்றி அப்புறம் படித்ததை எல்லாம் இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் புரிந்துகொண்டேன்.

எண்ணெய் விலையும் சேர்ந்து அடித்தது. 2009-ல் கச்சா எண்ணெய் பீப்பாய் சராசரி 60 டாலர் சில்லறை, 2011-ல் 100 டாலருக்கு மேல். அதற்கு மேல் விமான எரிபொருளுக்கு மாநில வரி, தமிழ்நாட்டில் அப்போது 29 சதவீதம். ஏ310 மாதிரி பழைய விமானம் எண்ணெயைக் குடிக்கும் அளவுக்குச் சரக்கு வாடகையை ஏற்ற முடியாது, ஏற்றினால் பார்ட்டி ராத்திரி பஸ்ஸில் போட்டுவிட்டுப் போய்விடுவான். 2011-ல் பணத் தட்டுப்பாட்டில் பறப்பது நின்றது. பாக்கி வர வேண்டியவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள், 2013-ல் கர்நாடக உயர் நீதிமன்றம் கம்பெனியைக் கலைக்கச் சொல்லிவிட்டது. ரிலையன்ஸ் பங்கு இருந்தது உண்மைதான், ஆனால் பங்கு வைத்திருப்பவர் நஷ்டத்தை எல்லாம் கட்டுவேன் என்று எழுதிக் கொடுத்தவர் இல்லை. பெரிய பேர் பின்னால் இருக்கிறது என்று கடன் கொடுக்கிற பழக்கம் நம் ஊரில் நிறைய, நூல் கடையிலிருந்து டையிங் வரைக்கும். பங்கு எத்தனை சதவீதம், கியாரண்டி யார் போட்டது என்ற இரண்டையும் தனித்தனியாகக் கேட்கப் பழக வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை. அந்த 2011-ல் எங்களுக்கு ஏர் சரக்கு குவிந்து கிடந்தது. ஜனவரியில் நொய்யல் மாசு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது, ஏறக்குறைய 700 பட்டறை. துணியை எங்கெங்கோ வெளியூருக்கு அனுப்பிச் சாயம் போட்டு வர வேண்டியதாயிற்று. ஷேடு ஒத்து வராது, திருப்பி அனுப்ப வேண்டும், லாரி வர நாலு நாள், அதற்குள் கப்பல் கட்-ஆஃப் (சரக்கை ஒப்படைக்கக் கடைசி நேரம்) தாண்டியிருக்கும். ஊரே ஏர் வாடகை கட்டிக்கொண்டிருந்த வருஷத்தில் ஒரு சரக்கு விமானக் கம்பெனி லோடு போதாமல் நிற்கிறது என்றால் நம்ப முடிகிறதா? ஆனால் எங்கள் சரக்கு ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போவது, ஒரு பக்கம் மட்டும் போவது, அதுவும் ஆபத்துக்குப் போவது. அடுத்த வருஷம் கப்பலைப் பிடித்துவிட்டால் ஒரு கிலோகூட வராது. உள்நாட்டில் ஊர் விட்டு ஊர் போகும் ராத்திரி பார்சலுக்காகக் கட்டிய வலைக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. சரக்கு இருக்கிறதா என்பது பாதிக் கேள்விதான், தினமும் ஒரே அளவில் இரண்டு பக்கமும் இருக்கிறதா என்பதுதான் மீதி.

எங்கள் சரக்கு எப்படிப் போனது என்றும் சொல்லிவிடுகிறேன், வெளியூர்க்காரர்கள் பீளமேட்டில் ஏர்போர்ட் இருக்கும்போது என்ன கவலை என்று கேட்பார்கள். கோயமுத்தூரிலிருந்து வெளிநாட்டுக்குப் போவது ஷார்ஜா, சிங்கப்பூர் மாதிரி ஊர்களுக்குச் சின்ன பயணிகள் விமானம்தான். பெட்டி படுக்கை போக வயிற்றில் மிச்சம் இருக்கும் இடத்தில்தான் சரக்கு. காய்கறி அதில் அழகாகப் போகும். ஐநூறு கார்ட்டன் பனியன் ஒரே நாளில் போகாது. அதனால் பெங்களூர், சென்னை, கொச்சி மூன்றில் எங்கே ரேட் குறைவோ அங்கே லாரியில் கொண்டுபோய் ஏற்றுவோம். கொச்சி ஏர்போர்ட் இருக்கும் நெடும்பாசேரிக்கு ராத்திரி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் விடிவதற்குள் போய்விடலாம். ஒரே ஏர்போர்ட், ஒரே விமானம் என்று கட்டிக்கொள்ளாமல் மூன்று ஊர் ரேட்டையும் கையில் வைத்திருப்பது எங்கள் ஊர் ஷிப்பிங் ஆட்களுக்கு ரத்தத்தில் ஊறியது. எந்தக் கம்பெனி நின்றாலும் எங்கள் சரக்கு அதிகம் அடிபடாததற்குக் காரணம் இதுதான்.

வாடகையில் மிச்சம் பிடிக்கிற இடம் ரேட் பேரம் இல்லை, அட்டைப்பெட்டி. விமானத்தில் எடைக்கும் இடத்துக்கும் எது அதிகமோ அதற்குக் காசு. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 6000-ஆல் வகுத்தால் வருவது இடத்தின் எடை. 60, 40, 40 பெட்டி என்றால் 96,000, வகுத்தால் 16 கிலோ. உள்ளே பனியன் 12 கிலோதான் இருக்கும், காசு 16-க்கு. உயரத்தை 32 ஆக்கிவிட்டால் 12.8 கிலோ. 200 பெட்டியில் 640 கிலோ வாடகை மிச்சம், அதுவும் ஒரு பீஸைக்கூடக் குறைக்காமல். ஏர்போர்ட்டில் அளக்கிறவன் நாம் எழுதிய அளவை நம்ப மாட்டான், பெட்டி உப்பியிருக்கும் இடத்தில்தான் டேப்பை வைப்பான். பக்கத்துக்கு ஒரு சென்டிமீட்டர் உப்பினால் 62, 42, 42 ஆகிவிடும், 16 கிலோ 18-ஐத் தாண்டிவிடும். ஆர்டர் ஏருக்குப் போகும் வாசனை வந்த அன்றைக்கே பேக்கிங் சூப்பர்வைசரிடம் சொல்லிவிட வேண்டும். டேப் ஒட்டிப் பெட்டிகளை அடுக்கின பிறகு சொன்னால் அவர் நம்மைப் பார்க்கிற பார்வையே வேறு. கூரியரில் 6000 இல்லை 5000, அது இன்னும் கசக்கும்.

விமானக் கம்பெனி முழுகுவதைவிட எங்களுக்கு அடிக்கடி வருகிற ஆபத்து நம்மிடம் சரக்கு வாங்கி விமானக் கம்பெனியில் இடம் பிடித்து அனுப்புகிற நடு ஆள், அதாவது ஃபார்வர்டர், முழுகுவது. ஒரு சீசனில் ஒரு ஃபார்வர்டரிடம் (பேர் வேண்டாம், கடையை மூடிவிட்டார்) வாடகை முழுசாகக் கட்டியாகிவிட்டது, அவர் கையெழுத்துப் போட்ட ஹவுஸ் பில்லும் (ஃபார்வர்டர் தன் பேரில் தரும் சரக்கு ரசீது) வந்துவிட்டது, பேங்க்குக்கு டாக்குமெண்ட்டும் போய்விட்டது. சரக்கு மட்டும் கிளம்பவில்லை. விசாரித்தால் எங்களிடம் வாங்கிய பணத்தை விமானக் கம்பெனிக்கு அவர் கட்டவே இல்லை, கார்கோ ஷெட்டில் பெட்டி தூங்கிக்கொண்டிருக்கிறது. முதலாளி அன்றைக்கு என்னிடம் பேசிய வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. கடைசியில் இன்னொரு தடவை வாடகை கட்டித்தான் அனுப்பினோம்.

அதிலிருந்து ஹவுஸ் பில்லை மட்டும் வைத்து எதையும் நம்புவதில்லை, விமானக் கம்பெனியின் பேரில் வரும் மாஸ்டர் பில் எண்ணைக் கேட்பேன். 11 இலக்கம், முதல் மூன்று விமானக் கம்பெனியின் எண். ஏர் இந்தியாவுக்கு 098, எமிரேட்ஸுக்கு 176, கத்தார் ஏர்வேஸுக்கு 157. அடுத்த ஏழு வரிசை எண், கடைசி ஒன்று சரிபார்ப்பு. அந்த ஏழு இலக்கத்தை 7-ஆல் வகுத்தால் வரும் மீதிதான் கடைசி இலக்கமாக இருக்க வேண்டும். 1234567 என்றால் மீதி 5, ஆக 12345675. செல்போன் கால்குலேட்டரில் அரை நிமிஷ வேலை. வாய்க்கு வந்த எண்ணைச் சொல்கிறவர் இதில் மாட்டிக்கொள்வார். எண் சரியாக இருந்தால் அந்த விமானக் கம்பெனியின் டிராக்கிங்கில் போட்டு, புக் ஆனது மட்டுமா இல்லை ஏற்றியாகிவிட்டதா என்றும் பார்க்க வேண்டும்.

இன்சூரன்ஸ் இருக்கிறதே என்பார்கள். விமானச் சரக்குக்கு வழக்கமாகப் போடும் பாலிசியில் தாமதத்தால் வரும் நஷ்டம் கிடையாது, அச்சடித்த வாசகத்திலேயே விலக்கியிருப்பார்கள். விமானம் நடத்துகிறவர் திவாலாகும் நிலையில் இருக்கிறார் என்று தெரிந்தே ஏற்றினால் அதற்கும் கிடையாது. டெக்கான் 360 மாதிரி ஒரு கம்பெனி தள்ளாடுகிறது என்று பேப்பரில் வந்த பிறகும் ரேட் குறைவு என்று அதிலேயே ஏற்றினால் பிறகு தெரியாது என்று சொல்ல முடியாது, இதை முதலாளிமார்களிடம் முன்கூட்டியே எழுத்தில் கொடுத்துவிடுவேன். விமானக் கம்பெனி தர வேண்டிய நஷ்டஈட்டுக்கு மாண்ட்ரியல் ஒப்பந்தம் இருக்கிறது, இந்தியாவுக்கு 2009-லிருந்து. எடைக்குத்தான் காசு, சரக்கின் விலைக்கு இல்லை, கிலோவுக்கு இப்போது 26 எஸ்டிஆர் (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு நாணயம்) உச்சவரம்பு. விலை கூடின சரக்கு என்றால் ஏற்றும்போதே மதிப்பை எழுதிக் கூடுதல் கட்டணம் கட்டலாம். சேதம் என்றால் சரக்கு வந்த 14 நாளுக்குள், தாமதம் என்றால் 21 நாளுக்குள் எழுத்தில் புகார் அனுப்பிவிட வேண்டும். பையர் சாவகாசமாக ஒரு மாதம் கழித்து போட்டோ அனுப்புவார், அப்போது ஒன்றும் நடக்காது. “சரக்கு வந்ததும் பெட்டியைப் பார்த்துச் சொல்லுங்கள்” என்ற ஒரு வரியை ஷிப்மெண்ட் மெயிலிலேயே போட்டு அனுப்பிவிடுகிறேன்.

டெக்கான் 360 மட்டும்தான் இப்படி என்று இல்லை. ஹிந்துஜாக்கள் லுஃப்தான்சாவோடு சேர்ந்து தொண்ணூறுகளில் போயிங் 727 ஓட்டினார்கள், நிலைக்கவில்லை. சென்னையிலிருந்து கிரசென்ட் ஏர் கார்கோ ஃபாக்கர் 50 வைத்துக் கொஞ்ச காலம் பறந்தது. ஹைதராபாத்தில் ஃப்ளையிங்டன் என்று ஒன்று, பெரிய ஏர்பஸ் சரக்கு விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்ததோடு சரி, பறக்கவே இல்லை. நிலைத்தது ப்ளூ டார்ட். அவர்கள் 1983-ல் கூரியர் ஆரம்பித்து, சொந்த விமானத்தில் பறந்தது 1996-ல். பதின்மூன்று வருஷம் அடுத்தவன் விமானத்தில் பார்சல் அனுப்பி, எந்த ஊருக்கு எத்தனை கிலோ, எந்த நாளில் குறையும் என்று தெரிந்துகொண்டு அப்புறம்தான் விமானம். 2023-ல் அமேசான் ஹைதராபாத்தில் குவிக்ஜெட் மூலம் சரக்கு விமானம் விட்டபோதும் பார்சல் முதலில் அவர்களுடையது. கோபிநாத் துணிச்சல்காரர், அதில் சந்தேகமே இல்லை. பயணிகள் விஷயத்தில் டிக்கெட் மலிவானால் புதிய ஆட்கள் ஏறுவார்கள் என்ற அவர் கணக்கு பலித்தது. பார்சல் அப்படி இல்லை, வாடகை மலிவானது என்பதற்காக யாரும் இன்னொரு பெட்டி அனுப்பிவிட மாட்டார்கள். அங்கேதான் சறுக்கியது என்பது என் அபிப்பிராயம்.

இப்போதும் புதிய சரக்கு சர்வீஸ் என்று யாராவது கார்டு கொடுத்தால் எனக்கு வேண்டியது சில விவரங்கள்தான். விமானம் சொந்தமா, லீஸா, வேறு கம்பெனியின் இடத்தை வாங்கி விற்கிறாரா. திரும்பி வருவதற்கு யாருடைய சரக்கு. ரத்தானால் எந்த விமானத்தில் மாற்றி ஏற்றுவார்கள், அந்த ரேட் வித்தியாசம் யார் கணக்கில். டெபாசிட் கேட்டால் நான் முதல் ஆளாகப் போக மாட்டேன், பில்லுக்குப் பில் பணம் என்றால் பார்க்கலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் சரக்கு ஷெட்டுக்குள் போனபின் கம்பெனி நின்றுவிட்டால் பதற வேண்டாம். ஏர்வே பில் (விமானச் சரக்கு ரசீது) என்பது கப்பல் பில் மாதிரி கைமாற்றும் பத்திரம் இல்லை, போய்ச் சேர்ந்து ஆள் கேட்கிற வரைக்கும் சரக்கைத் திருப்பிக் கேட்கும் உரிமை அனுப்பியவருக்கு உண்டு. அதற்கு நம் பங்கு ஒரிஜினல், அதாவது மூன்றாம் நம்பர் தாள், நம்மிடம் இருக்க வேண்டும், ஃபார்வர்டர் ஃபைலில் இல்லை. கஸ்டம்ஸ் முடிந்த சரக்கு என்றால் ‘பேக் டு டவுன்’ அனுமதி வாங்கிப் பெட்டியை வெளியே எடுக்கலாம், இல்லை கஸ்டம்ஸுக்குக் கொடுத்த ஷிப்பிங் பில்லில் விமானத்தை மாற்றி வேறு கம்பெனியில் ஏற்றலாம். மாற்றி ஏற்றுவதுதான் சீக்கிரம், டிராபேக் (ஏற்றுமதிக்குத் திரும்பக் கிடைக்கும் வரி) சிக்கலும் வராது. க்ளியரிங் ஏஜென்ட்டுக்கு ராத்திரியே போன் போட்டுவிடுங்கள், காலையில் எல்லோரும் அதே வரிசையில்தான் நிற்பார்கள்.